பூட்டிய வீட்டின் பொறுப்பாளர்

சென்ற வாரம் சவரிராயன் வராந்தா ட்யூப்லைட்டை மாற்றுவதற்காக ஸ்டூலில் ஏறினார் அல்லவா? இறங்கிவிட்டார். ட்யூப்லைட் மாறவில்லை. தோள்பட்டையில் ஏதோ பிடித்துக்கொண்டது என்றார். பிடித்தது எது என்று அவருக்கும் தெரியாது, அரை மணி நேரம் தைலம் தேய்த்த மனைவி பெர்னதெத்துக்கும் தெரியாது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. அக்டோபர் மாதம். லாஸ்பேட்டையில் அவர்கள் தெருவில் அக்டோபர் முழுக்க ஜெபமாலை மாதா வீடு வீடாக வருவாள். ஒரு வீட்டில் ஓர் இரவு. மறுநாள் சாயங்காலம் மெழுகுவத்தியும் பாட்டுமாக அடுத்த வீடு. யார் வீட்டுக்கு எந்தத் தேதி என்று ஜூலையிலேயே பட்டியல் போட்டுவிடுவார்கள். இன்று ஆறரைக்குச் சவரிராயன் வீட்டு முறை. முப்பது பேராவது வருவார்கள்.

அந்த முப்பது பேரும் எங்கே நிற்பது என்பதுதான் பெர்னதெத்தின் கவலை. வீட்டு முன்னால் இருக்கும் தோட்டத்தில் புல் முழங்கால் வரை நின்றது. அதற்குள் ஒரு சாரைப்பாம்பு குடியிருப்பதாகத் தெருவில் பேச்சு. பார்த்தவர்கள் அத்தனை பேரும் வேறு வேறு நீளம் சொன்னார்கள்.

ஜூலையிலேயே அவளும் ஒரு பட்டியல் போட்டாள். தோட்டத்துப் புல், சொட்டும் பின்கட்டுக் குழாய், வராந்தா ட்யூப்லைட், மதில் மேல் சாய்ந்த முருங்கைக் கிளை, குளியலறைத் தாழ்ப்பாள். பட்டியலை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள்.

சவரிராயன் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். ஒரு தாள் கண்ணில் பட்டால் அதைச் சும்மா விடமாட்டார். பட்டியலை முழுக்கப் படித்தார். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பச்சை மையில் 'பார்த்தேன்' என்று எழுதி, சுருக்கொப்பம் இட்டு, தேதி போட்டார். அவரைப் பொறுத்தவரை வேலை முக்கால்வாசி முடிந்துவிட்டது. மூன்று மாதமாக அந்த ஒப்பம் ஃபிரிட்ஜ் கதவில் பத்திரமாக இருக்கிறது.

இதில் தாழ்ப்பாள் விஷயம் மட்டும் ஜூலைக்கு முந்தையது. அது உடைந்து மூன்று வருஷம். நைலான் கயிறு கட்டியிருந்தார்கள், கயிறும் நைந்துபோனது. ஆகவே அந்த வீட்டில் குளிக்கிறவர்கள் உள்ளே ஆள் இருப்பதைத் தெரிவிக்கக் குரல் கொடுத்தபடியே குளிக்க வேண்டும். சவரிராயன் ஏழு சரணம் உள்ள தேவப்பாடல் ஒன்று வைத்திருக்கிறார். கல்லூரியில் படிக்கும் மகள் ஜாஸ்லின் சினிமாப் பாட்டு. பெர்னதெத்துக்குப் பாட வராது. அவள் அருள்நிறை மந்திரத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு குளிப்பாள். ஒரு குளியலுக்குப் பதினைந்து மந்திரம்.

காலைப் பூசை முடிந்ததும், பத்து நிமிஷத்தில் வந்துவிடுவதாகச் சொல்லி ஸ்கூட்டரை எடுத்தார் சவரிராயன். புல் வெட்ட ஆள் பார்க்கத்தான் போகிறார் என்று பெர்னதெத் நம்பினாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒட்டடை அடிக்க ஆரம்பித்தாள். மணி பத்தரை ஆனது.

அப்போதுதான் ஜாஸ்லின் கைப்பேசியை நீட்டினாள். 'அந்துவான் குடும்பம்' என்ற வாட்ஸப் குழுவில் ஒரு படம் வந்திருந்தது.

அந்துவான் சவரிராயனின் அண்ணன். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் பெண் எடுத்து, முப்பது வருஷத்துக்கு முன் பிரான்சு போனவர். தவளக்குப்பத்தில் தோட்டத்தோடு ஒரு வீடு கட்டி, வருஷத்தில் பதினொரு மாதம் பூட்டி வைத்திருக்கிறார். மாதத்தில் ஒரு ஞாயிறு சவரிராயன் அங்கே போய், "சும்மா ஜன்னலைத் திறந்து வுட்டுட்டு" வருவது வழக்கம். அப்படித்தான் பெர்னதெத்துக்குச் சொல்லப்பட்டிருந்தது.

படத்தில் சவரிராயன் ஏணியில் நின்றார். கைப்பேசியை மதிலில் சாய்த்துவைத்து அவரே எடுத்து அண்ணனுக்கு அனுப்பியது போலும். ஸ்டூல் இல்லை, ஏணி. பன்னிரண்டு படி. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, மாடி மழைநீர்க் குழாயில் அடைத்திருந்த சருகை அள்ளிக்கொண்டிருந்தார். தோள்பட்டை இரண்டும் சவுக்கியமாக இருந்தன. கீழே அண்ணி பிரெஞ்சு கலந்து நன்றி எழுதியிருந்தாள்: 'வாராவாரம் எங்கள் வீட்டைக் கோயில் மாதிரி வைத்திருக்கும் தம்பிக்கு மெர்சி.'

வாராவாரம் என்ற சொல்லைப் பெர்னதெத் மறுபடி படித்தாள். மாதம் ஒன்று போக மற்ற ஞாயிறுகளில் கோயில் பங்குப் பேரவைக் கூட்டம் என்றல்லவா போனார்?

இன்னொரு பெண் என்றால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. அழலாம், சண்டை போடலாம், பிறந்த வீட்டுக்கு ஃபோன் போடலாம். போட்டிக்கு வந்திருப்பது செங்கல்லும் சிமெண்டும். அதன் தலைமயிரைப் பிடிக்க முடியாது. பெர்னதெத் ஒட்டடைக் கம்பைச் சுவரில் சாத்தினாள்.

"வண்டிய எடு."

"எங்கம்மா?"

"உங்கப்பா பேரவைக் கூட்டத்துக்கு."

முதலியார்பேட்டை தாண்டி, அரியாங்குப்பம் பாலம் தாண்டி, தவளக்குப்பம் முனையில் திரும்பினார்கள். பெட்ரோல் பங்க் பக்கத்தில் மகளை நிறுத்திவிட்டுப் பெர்னதெத் தனியாக நடந்தாள். வந்த வேகத்தில் சேலையை மாற்றவில்லை. தலையில் ஒட்டடை இருந்தது.

கேட்டின் முன்னால் நின்று பார்த்தாள். உள்ளே புல் விரிப்பு போல் வெட்டப்பட்டிருந்தது. ஓரம் முழுக்க ரோஜா. தரையில் ஒரு சருகு இல்லை.

எதிர் வீட்டுச் சின்னப்பொண்ணு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். இவளைத் தலை முதல் கால் வரை பார்த்தாள்.

"வேல கேட்டு வந்திருக்கியாம்மா? முசே வூட்ல ஆளெல்லாம் வக்க மாட்டாரு. பெருக்கறது, தொடைக்கறது எல்லாம் அவரே."

முசே என்றால் பிரெஞ்சில் ஐயா. அந்த ஐயா யார் என்று பெர்னதெத்துக்குப் புரியச் சற்று நேரம் ஆனது.

"அவரு சம்சாரம் செய்யறதில்லையா?"

"அந்தம்மா பிரான்சுல கீது. இந்த வெயிலு ஒத்துக்காதாம்."

"அவரே சொன்னாரா?"

சின்னப்பொண்ணு யோசித்தாள். பொய் சொல்லும் பெண் இல்லை. "அவரு எங்க சொன்னாரு? நான்தான் ஒரு நா கேட்டேன், உங்க வூட்டம்மா அங்கயே தங்கிட்டாங்களா முசேன்னு. தலைய ஆட்டுனாரு."

தலையை ஆட்டுவது சவரிராயனுக்குக் கைவந்த கலை. லாஸ்பேட்டையில் பட்டியலுக்கு ஆட்டிய அதே தலை.

வாசற்கதவு திறந்திருந்தது. பின்பக்கத் தோட்டத்திலிருந்து அவர் குரல் கேட்டது, யாரோடோ கைப்பேசியில் பேசும் குரல். பெர்னதெத் உள்ளே போனாள். முதலில் முகத்தைக் கழுவிக்கொள்ள வேண்டும், இந்தக் கோலத்தில் சண்டை போட முடியாது என்று குளியலறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினாள். கை தானாகத் தாழ்ப்பாளைத் தேடியது.

இருந்தது. பித்தளையில், பளபளவென்று. ஒரு விரலால் தள்ளினாள். எண்ணெயில் வழுக்கிக்கொண்டு போய் 'டக்' என்று விழுந்தது.

குழாயைத் திறந்தாள், மூடினாள். நின்று பார்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை.

மந்திரம் சொல்ல வேண்டியதில்லை. யாரும் கதவைத் தள்ள மாட்டார்கள். மூன்று வருஷத்துக்குப் பிறகு, ஒரு மூடிய கதவுக்குப் பின்னால் அவள் வாயை மூடிக்கொண்டு நின்றாள். அழுகை வரும் போலிருந்தது. வந்தது அழுகை இல்லை, எரிச்சல். ஆளே குளிக்காத வீட்டுக்கு இத்தனை நல்ல தாழ்ப்பாள்.

முகத்தைக் கழுவினாள். மாட்டியிருந்த வெள்ளைத் துவாலையை எடுத்துத் துடைத்தாள். ஓரத்தில் ஊதா நூலில் பூ வேலை. ஒட்டடைக் கறுப்பு அதில் நன்றாகவே பதிந்தது. துடைத்தபடியே பின்வாசல் வழியாகத் தோட்டத்துக்குப் போனாள்.

சவரிராயன் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கைப்பேசியை முகத்துக்கு முன்னால் பிடித்திருந்தார். திரையில் அண்ணன் காலைக் காப்பியோடு உட்கார்ந்திருந்தார். அங்கே அப்போதுதான் எட்டு மணி. பக்கத்தில் அண்ணி.

"அந்தத் தொட்டி கசியுதுன்னு சொன்னீங்கல்ல அண்ணே? முந்தாநேத்தே ஆபீஸ் வுட்டு வந்து பூசிட்டேன்."

வெள்ளிக்கிழமை ஆபீஸில் கோப்பு தேங்கிவிட்டதாகச் சொல்லி எட்டு மணிக்குத்தான் வீட்டுக்கு வந்தார். தேங்கியிருந்தது தொட்டித் தண்ணீர் என்று இப்போதுதான் தெரிகிறது.

அண்ணன் "த்ரே பியேன், த்ரே பியேன்" என்று பிரெஞ்சில் மெச்சினார். சவரிராயனின் காது மடல் சிவந்தது. இருபத்துநாலு வருஷத்தில் பெர்னதெத் அந்தச் சிவப்பைப் பார்த்ததில்லை.

அண்ணிதான் முதலில் கவனித்தாள். "தம்பி, உங்களுக்குப் பின்னாடி யாரு? அது என்னோட துவாலை இல்ல?"

சவரிராயன் திரும்பினார். தணிக்கைக்கு ஆள் வந்துவிட்டதைப் பார்த்த முகம்.

பெர்னதெத் நேராக வந்து திரைக்குள் நின்றாள். கத்துவதற்குத்தான் வந்தாள். ஆனால் அந்தச் சிவந்த காதைப் பார்த்ததும் அவளுக்கு வேறு ஒன்று புரிந்துபோனது. இந்த மனிதர் சோம்பேறி இல்லை. பார்ப்பதற்கு அண்ணன் இருந்தால் மலையையும் பெயர்ப்பார்.

"நான்தான் அக்கா. மாமா, நல்லா இருக்கீங்களா? இன்னிக்கு எங்க வீட்டுக்கு மாதா வர்றாங்க. சாயங்காலம் ஆறரைக்கு இவருக்கு நீங்க வீடியோ போடுங்க. இங்க பாத்தீங்கல்ல, இதைவிட அங்க அழகா பண்ணி வச்சிருக்காரு. தோட்டம், வீடு எல்லாம் சுத்திக் காட்டறேன்னு சொல்லிட்டிருந்தாரு."

அண்ணன் மகிழ்ந்துபோனார். கட்டாயம் பார்ப்பதாகச் சொன்னார். அண்ணியின் கண் துவாலையிலேயே இருந்தது. தான் அனுப்பிவைத்த துவாலையில், தன் குளியலறையில், ஓரகத்தி முகம் துடைக்கிறாள். சிரிப்பு அப்படியே உறைந்து நிற்க, அழைப்பு துண்டானது.

சவரிராயன் கைப்பேசியைப் பையில் போட்டார். முதலில் தொண்டையைச் செருமினார்.

"எதுக்கு அப்படிச் சொன்ன? அங்க ஒண்ணுமே ஆகலையே."

பெர்னதெத் துவாலையை மடித்தாள். "உங்க சம்சாரம் பிரான்சுல இருக்காங்களாமே. எப்ப வர்றாங்க?"

அவர் எதிர் வீட்டைப் பார்த்தார். சின்னப்பொண்ணு இன்னும் மாட்டோடு நின்றாள். ஏணியையும் கருவிப் பெட்டியையும் எடுத்து வைத்து, வீட்டைப் பூட்டி, கேட்டை வெறுமனே சாத்தி, ஸ்கூட்டரில் உட்கார்ந்தார். பெர்னதெத் மகளின் வண்டிக்கு நடந்தாள்.

பன்னிரண்டரைக்கு லாஸ்பேட்டையில் வேலை தொடங்கியது. தொடங்கியதென்றால் சாதாரணத் தொடக்கம் இல்லை. லுங்கியை மடித்துக் கட்டி, தலையில் துண்டு சுற்றி, அரிவாளும் களைக்கொட்டுமாகத் தோட்டத்தில் இறங்கினார். இரண்டு மணிக்குள் புல் குவியலாகிவிட்டது. சாரைப்பாம்பு என்று ஒன்று இல்லை; பழைய தோட்டக் குழாய் ஒன்று கிடந்தது. அதை மூன்று மாதமாகக் காணோம் என்று தேடியவரும் அவரே.

சாப்பாடு வேண்டாம் என்றார். பின்கட்டுக் குழாய்க்கு வாஷர் போட்டார். ட்யூப்லைட்டை மாட்டினார். குளியலறைக் கதவில் புதுத் தாழ்ப்பாள் பொருத்தினார்.

பெர்னதெத் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே கொண்டைக்கடலை வேகவைத்தாள். தாழ்ப்பாள் வேலை தொடங்கும்போது கடிகாரத்தைப் பார்த்தாள், முடியும்போதும் பார்த்தாள். பதினோரு நிமிஷம். மூன்று வருஷமாக அவள் கேட்டது பதினோரு நிமிஷம். செய்யாமல் இருந்தபோது வலித்ததைவிட, இத்தனை சுலபமாகச் செய்தது அதிகமாக வலித்தது.

ஜாஸ்லினுக்கு இது விளங்கவில்லை. "அதான் எல்லாம் செய்யறாரேம்மா. இன்னும் ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

"யாருக்குச் செய்யறாருன்னு பாரு."

ஜாஸ்லின் பார்த்தாள். சவரிராயன் கைப்பேசியை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு கேட்டிலிருந்து வராந்தாவுக்கும், வராந்தாவிலிருந்து பின்கட்டுக்கும் ஒத்திகை நடந்துகொண்டிருந்தார். படத்தில் முருங்கைக் கிளை தெரியுமா என்று சோதித்தார். தெரியவில்லை. ஆகவே கிளையை வெட்டவில்லை.

ஆறரைக்குத் தெருமுனையில் பாட்டு கேட்டது. மெழுகுவத்திகள் வரிசையாக வந்தன. கேட்டில் புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து நின்று, நாலு கையாலும் மாதா சுரூபத்தை வாங்கிக்கொள்வது அந்தத் தெரு வழக்கம். சவரிராயன் வாங்கினார். மாதாவின் தலைக்கு மேலாக அவர் பார்வை சட்டைப் பையில் இருந்த கைப்பேசிக்குப் போனதைப் பெர்னதெத் கவனித்தாள்.

ஜெபமாலையின் முதல் பத்து மணி உருட்டி முடிந்தது. அழைப்பு வரவில்லை. இரண்டாவது பத்தில் அவரே வெளியே போய்க் கூப்பிட்டார். அடித்து ஓய்ந்தது. நான்காவது பத்தில் மறுபடி. பெர்னதெத் ஜெபம் சொல்லிக்கொண்டே அவரையும் எண்ணிக்கொண்டிருந்தாள். மூன்றாவது பத்தில் அவள் மாதாவிடம் என்ன வேண்டினாள் என்பது நமக்குத் தேவையில்லை. தவளக்குப்பத்துக்கு நல்லதாக ஒன்றும் இல்லை.

ஜெபம் முடிந்து சுண்டல் கொடுத்தார்கள். வந்தவர்கள் தோட்டத்தைப் புகழ்ந்தார்கள். வராந்தா வெளிச்சத்தைப் புகழ்ந்தார்கள். எல்லாம் ஒரே நாளில் செய்தாரா என்று ஒரு டீச்சரம்மா தன் கணவனை முழங்கையால் இடித்துக் காட்டினாள். சவரிராயன் காதில் எதுவும் விழவில்லை.

ஏழரைக்கு வீடு காலியானது. அப்போது கைப்பேசி ஒருமுறை ஒலித்தது. அழைப்பு இல்லை, படம்.

தவளக்குப்பத்துத் தோட்டம், சாயங்கால வெயிலில். நடுவில், இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு ஓர் ஆள். அவன் நெல்சன், அண்ணியின் கடைசித் தம்பி, முத்தியால்பேட்டைக்காரன். வாழ்க்கையில் துளசிச் செடிக்குக்கூடத் தண்ணீர் ஊற்றியவன் இல்லை. கீழே அண்ணி எழுதியிருந்தாள்: 'இனிமேல் நம் வீட்டை என் தம்பி நெல்சன் பார்த்துக்கொள்வான். அவன் கால் வைத்ததுமே தோட்டத்துக்குத் தனிக் களை வந்துவிட்டது.'

அதற்குக் கீழே அண்ணன் ஒரு வரி: 'சவரி, சாவியை நாளைக்கு நெல்சனிடம் கொடுத்துவிடு.'

அவ்வளவுதான். த்ரே பியேன் இல்லை, மெர்சியும் இல்லை.

பெர்னதெத் தோளுக்கு மேலாகப் படித்தாள். அவள் வேண்டியது ஒரு மணி நேரத்துக்குள் கிடைத்துவிட்டது. துள்ள வேண்டும் போலிருந்தது. கணவன் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் அவளுக்குத் தெரிந்த முகம்; காலை பத்தரைக்கு, ஏணிப் படத்தைப் பார்த்தபோது அவளுக்கு இருந்த அதே முகம். தான் இத்தனை நாள் பாடுபட்டும் தனக்கு நிற்காததை, பாடுபடாத ஒருவன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாங்கிப் போகிறான். அந்த எரிச்சலுக்கு ஆண் பெண் கிடையாது.

கொஞ்சம் பாவமாக இருந்தது. மாதாவுக்கு முன்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவன் பக்கத்துல இருக்கற ரோஜா நீங்க வச்சதா?"

"நான் வச்சதுதான்."

அவர் பேச ஆரம்பித்தார். அந்த இளஞ்சிவப்பு போன மார்ச்சில் வைத்தது. இருபத்துமூன்றாம் நாள் முதல் மொட்டு. அதற்கடுத்த மஞ்சள் இரண்டு முறை பட்டுப்போய்த் துளிர்த்தது. காய்ச்சலோடு போய்த் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். மூலையில் இருப்பதற்கு வெயில் அதிகம், மத்தியானம் கோணி கட்ட வேண்டும், அது நெல்சனுக்குத் தெரியாது. ஒவ்வொரு செடிக்கும் தேதி சொன்னார். ஜாஸ்லின் படிப்பது இரண்டாம் வருஷமா, மூன்றாம் வருஷமா என்று கேட்டால் யோசித்துச் சொல்கிறவர்.

கேட்கக் கேட்கப் பெர்னதெத்தின் பரிதாபம் ஒவ்வொரு செடியாக வற்றிக்கொண்டே வந்தது. ஐந்தாவது செடியில் முழுக்கக் காய்ந்தது. தவளக்குப்பத்துத் தாழ்ப்பாளும் குழாயும் அண்ணனுக்குக் காட்டச் செய்தவை என்று நினைத்திருந்தாள். அதுகூட இல்லை. அந்தத் தோட்டத்தின் மேல் இந்த மனிதருக்கு ஆசை. நிஜமான ஆசை.

"போவட்டும், வுடுங்க," என்றாள். "நாளைக்குச் சாவியக் குடுத்துட்டு வந்துடுங்க."

சவரிராயன் கைப்பேசியைத் தரையில் கவிழ்த்து வைத்தார்.

"குடுக்க மாட்டேன்."

குரல் சின்னதாகத்தான் இருந்தது. அண்ணன் சொல்லை அவர் மறுத்துப் பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்த ஜாஸ்லின் சத்தத்தை நிறுத்தினாள்.

"அண்ணன் கேக்கறாரு."

"கேக்கட்டும். காலைல அஞ்சு மணிக்கே அங்க போயிடுவேன். அவன் எப்படி உள்ள வர்றான்னு பாக்கறேன்."

எட்டு மணிக்கு முன்னால் கண் திறக்காத மனிதர் ஐந்து மணி என்கிறார். தனக்காகவோ மகளுக்காகவோ, இந்தக் கூரைக்காகவோ அந்தக் குரல் ஒருநாளும் இப்படிச் சூடேறியதில்லை என்பதைப் பெர்னதெத் உட்கார்ந்த இடத்திலேயே உணர்ந்தாள். பிறகு எழுந்து போய்த் தன் கைப்பேசியை எடுத்தாள்.

"நானும் வர்றேன்."

"நீ எதுக்கு?" என்றார் சவரிராயன். எதையும் ஒருநாள் ஆறப்போட்டே கேட்கிறவர், இதை உடனே கேட்டார்.

"உங்க சம்சாரம் பிரான்சுலேர்ந்து வந்தாச்சுன்னு எதிர் வீட்டுல தெரிய வேணாமா?" என்றாள் பெர்னதெத். நாலரைக்கு அலாரம் வைத்தாள்.